கப்பி, கம்பி, வின்ச்: அனாபொலிஸில் ஒரு காயலான் கடை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உடைத்த படகின் சாமான்களைக் கமிஷன் கடையில் கொடுத்து விற்ற கதையை யாரிடம் பேசினாலும் அதைத்தான் கேட்கிறார்கள். கடை என் படகுச் சாமான்களை விற்றது மொத்தம் 1,115 டாலருக்கு. நூற்றுக்கு நாற்பது கடைக்கு, மிச்சம் 669 எனக்கு. மார்ச் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைசிக் காசோலை வந்தது நவம்பரில். கழற்றவும் கழுவவும் பழைய கிரீஸை வழிக்கவும் ஐந்து வார இறுதிகள் போயின. “மணிக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று மனைவி கேட்டாள். வகுத்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்படியும், இன்னொரு முறை இப்படி ஒரு வேலை வந்தால் அதே கடைக்குத்தான் போவேன். அவர்கள் விற்க மறுத்த ஒரு சாமான்தான் அதற்குக் காரணம். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பெரியவரின் முகத்தில் மறுபடி விழிக்கவும் வேண்டியிருக்கிறது. அனாபொலிஸ் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி படித்ததுமே எது என்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு: மேரிலாந்தின் தலைநகரமான இந்தச் சின்ன ஊரில், தடுக்கி விழுந்தால் பாய்மரப் படகுமேல்தான் விழ வேண்டும். கடற்படைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 1970-லிருந்து அக்டோபர் மாதத்தில் பாய்மரப் படகுக் கண்காட்சி நடந்துவருகிறது. இப்படிப்பட்ட ஊரில் பழைய படகுச் சாமானுக்கென்றே கடை இருப்பதில் ஆச்சரியமில்லை. நாம் கொடுப்பதை அவர்கள் விலைக்கு வாங்குவதில்லை. அலமாரியில் வைத்து, விற்றால் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். விற்காவிட்டால் நம் தலையில்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. பழைய சாமான் கடை என்றால் எங்கள் வாயில் வருவது காயலான் கடை என்றுதான். பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்துக்காரர்களால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இந்தக் கடையையும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். ‘அப்பா காயலான் கடைக்குப் போயிருக்கார்’ என்று அமெரிக்காவில் பிறந்த என் மகள் போனில் யாரிடமாவது சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும்.

சரி, படகு. 1979-இல் செய்த கேட்டலினா 27. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கம்பெனியின் படகு. 1971-லிருந்து இருபது வருடங்களில் 6,600-க்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். நம் ஊர் அம்பாசிடர் கார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அழகி இல்லை, ஆனால் எந்தத் துறையிலும் ஒன்றாவது நிற்கும். நான் 2014-இல் 4,500 டாலருக்கு வாங்கினேன். ஒன்பது கோடைகள் செசபீக் விரிகுடாவில் ஓட்டினோம்.

அதன் சாவு மெதுவாக வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளர்ந்திருக்கும். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை இரண்டு சுற்று இறுக்குவேன். பழைய கம்பி, நீண்டுகொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கம்பி நீளவே இல்லை. பாய்மரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் படகில் பாய்மரம் அடித்தட்டுவரை போகாது, மேல்தளத்தின் மேலேயே நிற்கும். தளம் என்பது இரண்டு ஃபைபர் கிளாஸ் தகட்டுக்கு நடுவே ஒட்டுப்பலகை. எங்கோ ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பாய்மரத்துக்கு அடியில் பலகை உளுத்துப் போயிருந்தது. படகைச் சோதிக்கும் சர்வேயர் ஒரு சின்ன சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்டது. எங்கள் படகில் முக்கால்வாசி இடத்தில் ‘தொப்’. சரிசெய்ய 9,000 டாலர் ஆகும் என்றார்கள். சரிசெய்த பிறகு அந்தப் படகு மூவாயிரத்துக்குப் போனால் அதிர்ஷ்டம்.

2023 குளிர்காலத்தில் உடைத்தோம். அதை நீட்டி எழுத எனக்கு மனசில்லை. அடியிலிருந்த ஈயத்தை விற்ற காசு, உடைத்த கூலிக்கும் குப்பைத் தொட்டி வாடகைக்கும் சரியாய்ப் போனது. மிஞ்சியது பாய்மரமும் அதைச் சேர்ந்த சாமான்களும். அவை எங்கள் கராஜுக்கு வந்தன, கார் வெளியே பனியில் நின்றது.

விற்க நினைப்பவர்களுக்கு என் முதல் புத்தி: வின்ச்சைப் பிரித்துக் கழுவாமல் எங்கும் கொண்டுபோகாதீர்கள். பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் அந்த உருளைக்குள் பல்சக்கரங்களும், அது பின்னால் சுழலாமல் தடுக்க ‘பால்’ என்கிற சின்னச் சின்ன நாக்குகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நாக்குக்கும் பின்னால் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். என்னிடம் இருந்தவை பேரியன்ட் 21 இரண்டு, பேரியன்ட் 10 இரண்டு. ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவில் பரூனா, ஓரியன்ட் என்று இரண்டு பந்தயப் படகுகள் இருந்தன. அந்த இரண்டு பெயரையும் ஒட்டவைத்துப் பிறந்ததுதான் பேரியன்ட். கம்பெனி போய்விட்டது, வின்ச்சுகள் சாகவில்லை. திறந்து பார்த்தால் கிரீஸ் திருநெல்வேலி அல்வா மாதிரி, நிறமும் ஏறக்குறைய அதுதான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, புது கிரீஸ் கொஞ்சமாகத் தடவி, நாக்குகளுக்கு மட்டும் எண்ணெய். நாக்கில் கிரீஸ் வைத்தால் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு சனிக்கிழமை போனது. ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது, இன்னொன்று கழற்றும்போது துள்ளி எங்கோ போனது. அது இன்றுவரை கராஜில் எங்கேயோ இருக்கிறது.

மேலே குரோமியத்தைக் கண்ணாடியாய்ப் பளபளக்க வைத்திருந்தேன். கடைப் பெரியவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் போனது பால்டிமோர் கீ பாலம் இடிந்த வாரத்துச் சனிக்கிழமை. 2024 மார்ச் 26 விடியற்காலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்ததே, அது இங்கிருந்து அரைமணி நேரத் தூரம்தான். கடையில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் இருபது இந்தியர், ஒரு இலங்கைக்காரர் என்று செய்தி வந்திருந்ததால் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் தடுமாறி நின்றது. பெரியவர்தான், “இறந்துபோன அந்த ஆறு தொழிலாளர்களும் பாவம், அந்தக் கப்பல் பையன்களும் பாவம்” என்று சொல்லிவிட்டு, “என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?” என்றார்.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடம் பாய்மரம் ஏறி இறங்கிய ரிக்கர், அதாவது படகுக்குப் பாய்மரமும் கம்பியும் கட்டுபவர். இப்போது முழங்கால் போய்விட்டதால் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். நான் வின்ச்சை நீட்டியதும் கைப்பிடியைச் செருகி, காதைப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சுற்றினார். டிக் டிக் டிக் டிக். அப்புறம் எதிர்ப்பக்கம், அடுத்த கியர். டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்பதுபோல. மூன்றாவது வின்ச்சில் நிறுத்தி, “ஒரு பால் சத்தம் போடவில்லை” என்றார். வீட்டில் நான் பத்துத் தடவை சுற்றிப் பார்த்திருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. அங்கேயே பிரித்துப் பார்த்தார். ஒரு நாக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். திருப்பிப் போட்டு மூடிவிட்டு அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

கப்பிகளைப் பார்த்த விதமும் அப்படித்தான். பதினான்கு கப்பிகள், பெரும்பாலும் ஹார்க்கன். 1967-இல் விஸ்கான்சினில் பீட்டர், ஓலஃப் என்ற அண்ணன் தம்பி ஆரம்பித்த கம்பெனி. சக்கரத்துக்குள் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்து, கப்பியின் உராய்வைக் குறைத்துப் பெயர் வாங்கியவர்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டு எத்தனை நேரம் சுற்றுகிறது என்று பார்த்தார். வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்தவற்றை நகத்தால் சுரண்டி, மாவாக உதிர்ந்த இரண்டைத் தள்ளி வைத்தார். விலை போடும்போது என்னைக் கேட்டே போட்டார். “புதிதின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் ஆள் புதிதையே வாங்கிவிடுவான். மூன்றில் ஒன்று என்றால் யோசிக்காமல் எடுப்பான்.” பன்னிரண்டு கப்பிகளும் முதல் பத்து நாளில் போய்விட்டன, 265 டாலர்.

இப்போது கம்பிக்கு வருகிறேன்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளைச் சுருட்டி, அழகாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எது எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பத்தொன்பது இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி. துரு கிடையாது, சோப்புப் போட்டுக் கழுவியதில் மின்னியது. முந்தைய சொந்தக்காரர் 2003-இல் மாற்றியதற்கு ரசீதுகூட வைத்திருந்தேன். அதைப் பெருமையாக நீட்டினேன். எனக்கு அந்தச் சுருளே இருநூறு டாலர் மதிப்பு என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

பெரியவர் ரசீதைப் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்தார். அதைக் கம்பிமேல் மடித்துப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். கையால் தடவக் கூடாதாம், இழை அறுந்திருந்தால் மீன்முள்போல விரலில் ஏறிவிடும். இரண்டாவது கம்பியில், முனைக்கு ஒரு சாண் மேலே, டிஷ்யூ கிழிந்து ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு சின்னது, கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் முனையைக் காட்டினார். கம்பியின் நுனியை ஒரு எஃகுக் குழலுக்குள் விட்டு, இயந்திரத்தில் நசுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள், அதை ஸ்வேஜ் என்பார்கள். பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் ஸ்வேஜ் வாய் கீழே பார்த்திருக்கும், தண்ணீர் வழிந்துவிடும். கீழே தளத்தருகே இருப்பது வாயை மேலே திறந்துகொண்டு நிற்கும். மழையும் உப்பும் கம்பி வழியாக ஓடி வந்து அந்தக் கிண்ணத்துக்குள்தான் இறங்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாவதால்தான். காற்றே புகாத அந்த இடுக்கில் படலம் புதுப்பித்துக்கொள்ள முடியாது. உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

நான் விடவில்லை. செசபீக் தண்ணீர் கடல் அளவுக்கு உப்பு இல்லையே, வருடத்தில் ஐந்து மாதம் படகு கரையில்தானே இருந்தது என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சிவப்புத் திரவத்தைக் குழல்மேல் தெளித்தார். கால்மணி நேரம் வேறு வேலை பார்த்தார். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி கலந்த இன்னொன்றைத் தெளித்தார். வெள்ளையின் மேல் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. நீளவாக்கில், நகத்தளவு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பக்கத்தில் இன்னொன்று வந்தது.

ஒன்பது கோடைகள். பதினெட்டு நாட் வேகக் காற்றில் படகு சாய்ந்தோடும்போது என் மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், அதுதான் அவள் இடம்.

“இதை நான் விற்க மாட்டேன். யாரும் விற்கக் கூடாது” என்றார் பெரியவர். “பத்திலிருந்து பதினைந்து வருடம், அதற்கு மேல் போனால் மாற்று என்றுதான் எந்த ரிக்கரும் சொல்வான். இன்சூரன்ஸ்காரனும் அதைத்தான் கேட்பான். வயது தெரியாத கம்பியையும் நான் தொடுவதில்லை. உங்களுடையதற்கு வயது தெரியும், அது இன்னும் மோசம்.” அதோடு விட்டிருந்தால் நான் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன், உண்மையைச் சொன்னால் இணையத்தில் ஒரு விளம்பரமும் போட்டிருப்பேன். “வெட்டட்டுமா?” என்று கேட்டார். அப்படியே குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்க் கட்டிவிடுவார்களாம், முன்பு நடந்திருக்கிறதாம். தலையாட்டினேன். ஆளுயரக் கத்தரியைக் கொண்டுவந்து ஒவ்வொரு கம்பியையும் மூன்று துண்டாக வெட்டிப் போட்டார். எட்டுக் கம்பிகள். அதற்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. பின்னால் வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அன்றிரவு சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் கதையைச் சொன்னேன். இளவயதில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் போய் வந்தவர். பாய் ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார், அதை இங்கே ஹால்யார்டு என்று சொல்வதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. “இதுல என்னலே அதிசயம்? ஆஞ்சான் கயிறு நஞ்சிருச்சுன்னா தண்டல் அவரே அரிவாள எடுத்து வெட்டிப் போட்ருவாரு. முழுசாக் கிடந்தா எவனாவது சோம்பேறி எடுத்துக் கட்டிருவாம்லா” என்றார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். அப்புறம், “கப்பியையாவது வித்தியா? என்ன ரேட்டு?” என்று கேட்டுவிட்டு, டாலரை ரூபாயாக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்ன்பக்கிள்கள் எட்டில் ஆறை எடுத்துக்கொண்டார். வெண்கல உடம்பு, குரோமியம் பூசியது, மரைக்குள் அந்தப் பூச்சு இல்லை. ஒன்றை மேசைமேல் உருட்டிக் காட்டினார், தள்ளாடிக்கொண்டு உருண்டது, தண்டு வளைந்திருந்தது. இன்னொன்றில் மரை தேய்ந்திருந்தது. ஆறும் தலா 25 டாலருக்குப் போயின. பூட்டுப் பின்களை வாங்கவே மாட்டார்கள், ஒருதரம் வளைத்த பின்னை மறுபடி வளைப்பது முட்டாள்தனம். வின்ச் கைப்பிடிகள் இரண்டும் அன்றே போயின, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவரே எடுத்துக்கொண்டார். பெரும்பாலான கம்பெனி வின்ச்சுகளுக்கும் அந்த எட்டுமுனை நட்சத்திரக் குழி ஒரே அளவு என்பதாலும், கைப்பிடி என்பது தண்ணீரில் விழுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் என்பதாலும் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. பாய்களை அளந்து, கறையைக் குறித்து, துணி தொய்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

ஃபர்லர்தான் ஏமாற்றம். முன்பாயைச் சுருட்டி வைக்கும் அந்தக் கருவி புதிதாய் வாங்கினால் ஆயிரங்களில் போகும், எனவே என் பெரிய நம்பிக்கையே அதன்மேல்தான். கடைக்காரர் எடுத்துக்கொண்டார், ஆனால் முகத்தில் உற்சாகமில்லை. காரணம் பிறகு புரிந்தது. அதன் அலுமினியக் குழாய்களை அந்தந்தப் படகின் முன்கம்பி நீளத்துக்கு வெட்டியிருப்பார்கள். குட்டையான படகுக்காரன் வாங்கி வெட்டிக்கொள்ளலாம், நெட்டைப் படகுக்காரனுக்கு உதவாது. கம்பியின் கனமும் பொருந்த வேண்டும். போதாக்குறைக்கு என்னுடைய ஒரு குழாயில் நசுங்கல். 400 என்று சீட்டுப் போட்டது மாதாமாதம் பத்து சதவீதம் இறங்கி இறங்கி, கடைசியில் உதிரிபாகத்துக்காக அடியிலுள்ள டிரம் மட்டும் 60-க்குப் போனது. குழாய்கள் திரும்பி வந்துவிட்டன.

இந்த மாதாமாதம் இறக்கும் ஏற்பாட்டைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒழுங்காகப் படியுங்கள். நான் படிக்கவில்லை. நம்மைக் கேட்காமலே இறங்கும். பேரியன்ட் 21 ஜோடி, முதல் இறக்கத்துக்கு அடுத்த நாளே பேரம் பேசி 300-க்குப் போனது. வாங்கியவர் அந்தத் தேதிக்காகக் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். சீட்டில் தேதி இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம்.

குறை இன்னும் இரண்டு. கடையின் கணக்கெல்லாம் நூல் கட்டிய அட்டைச் சீட்டில், பெரியவரின் கையெழுத்தில். பாயை இடவலமாக நகர்த்த உதவும் என் டிராவலர் தண்டவாளம் 110-க்கு விற்றுப்போய், அந்தப் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. என் எண்ணில் கடைசி 1-ஐ 7 என்று படித்திருக்கிறார்கள். நானே அலமாரியில் காணோம் என்று கேட்டதால்தான் தெரிந்தது, சரிசெய்ய மூன்று வாரம். யாரும் ஏமாற்றவில்லை, மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் தூரத்தில் இருப்பவர் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போனதுதான். எனவே கொடுக்கும்போதே ஒவ்வொரு சாமானையும் அதன் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெரியவர் இல்லாத நாளில் போனால் அது வேறு கடை. ஒரு தம்பி இருக்கிறான், நல்ல பையன், ஆனால் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைக்கிறான். அவன் அன்று இருந்திருந்தால் என் கம்பிச் சுருளும் ஆணியில் தொங்கியிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தேன். போன் செய்து பெரியவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. ஏல இணையதளத்தில் ஒரு கப்பித் தொகுப்பைப் போட்டேன், நல்ல விலைக்குத்தான் போனது. ஆனால் தளத்தின் பங்கும் தபால் செலவும் போக மிஞ்சியது கடை கொடுப்பதைவிட நாலைந்து டாலர் கூட. வின்ச் போன்ற கனமான சாமானுக்கு அதுவும் நிற்காது. வசந்த காலத்தில் துறைகளில் போடும் பழஞ்சாமான் சந்தைக்கும் ஒருமுறை போனேன். மேசை போட்டு உட்கார்ந்து, காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வந்து பொறுக்குபவர்களிடம் பேரம் பேச வேண்டும். எனக்குப் பேரம் வராது, என் மனைவிக்கு வரும், அவளுக்குப் படகுச் சாமானின் பெயர் எதுவும் தெரியாது. ஒரு வளையத்தை இருபது டாலருக்கு விற்றுவிட்டு, ‘அது என்னது?’ என்று என்னைக் கேட்டாள்.

பாய்மரத்தைக் கடையில் எடுக்க மாட்டார்கள், முப்பது அடிக்கு மேல் நீளமான அலுமினியக் குழாயை எந்த அலமாரியில் வைப்பது? இணைய விளம்பரம்தான். முதலில் வந்தவர் நான் கேட்டதைவிட அதிகத்துக்குக் காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை லாரிக்காரருக்குக் கொடுங்கள் என்றார். அந்தப் பழைய மோசடி படகுச் சாமானிலும் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் விசாரித்தேன். எஃகுத் திருகும் ரிவெட்டும் போகக் கழற்றிச் சுத்தமான அலுமினியமாகக் கொண்டுவந்தால் ஒரு விலை, அப்படியே கொண்டுவந்தால் அதில் பாதி என்றார்கள். துளைக்கும் மெஷினை எடுத்து வைத்த வாரத்தில் ஒரு பையன் போன் செய்தான். அவனுடையதும் கேட்டலினா 27. பக்கக்கம்பி அறுந்து பாய்மரம் மடங்கி விழுந்ததாம், யாருக்கும் அடியில்லை. 350 டாலருக்கு, பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கட்டையான பூமையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். 6,600 படகு செய்த கம்பெனியின் படகை வைத்திருப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு. டிரெய்லரில் ஏற்றி, வாலில் சிவப்புத் துணி கட்டும்போது, “உங்கள் கம்பிகளும் இருக்கிறதா, சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்டான். வெட்டிப் போட்டாயிற்று என்றேன். ஏன் என்று கேட்டான். வெயிலில் நின்றபடி டிஷ்யூவில் தொடங்கிச் சிவப்புக் கோடுவரை சொன்னேன், பெரியவர் இருக்கும் நாளையும் சொல்லி அனுப்பினேன்.

எப்போது கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச். படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால்தான் ஆட்கள் கடைக்கு வருவார்கள். அதை விட்டால் அக்டோபர். கண்காட்சியில் புது வின்ச் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் என்று பார்த்துவிட்டு, நேரே இங்கேதான் வருகிறார்கள். என் பேரியன்ட் 10 ஜோடி ஆறு மாதத்துக்கு மேல் தூங்கிவிட்டு, கண்காட்சி வாரத்தில்தான் 120-க்குப் போனது. பூமை இறுக்கும் கப்பித்தொகுதியும் அதே வாரம், 70.

நவம்பரில் கடைசிக் காசோலையையும் விற்காத குழாய்களையும் வாங்கப் போனேன். கவுன்டரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய மரக் கப்பி இருந்தது, வெண்கலச் சக்கரம், பித்தளைப் பட்டை, 18 டாலர். கட்டுவதற்கு என்னிடம் படகு இல்லை. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், 669-இல் இதையும் கழித்துக்கொள் என்றாள் மனைவி.

மரக்கப்பி இப்போது சித்தப்பாவுக்குப் போக ஒரு பெட்டியில் இருக்கிறது. ஃபர்லர் குழாய்களைக் கொல்லையில் நட்டுவிட்டேன், ஏழடி உயரம், அசையவில்லை. கடை வேண்டாம் என்று சொன்ன ஹால்யார்டுக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியாயிற்று. பாகல் விதை ஊறப்போட்டிருக்கிறது.